இரண்டு ஏக்கர் திடலுக்கு முதலில் எது: மண்ணா, புல்லா, கோல் கம்பமா?

மாங்கொட்டை
மார்ச் 9, 2025, ஞாயிறு இரவு

எங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், மத்தூருக்கும் ஊத்தங்கரைக்கும் நடுவில் இருக்கிறது. நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சனி இரவு பஸ் ஏறி ஊருக்குப் போய் ஞாயிறு மாலை திரும்புகிறவன். கிடைக்கும் அந்த ஒரு நாளில் பாதி இந்தத் திடலில்தான் கழிகிறது.

திடல் என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம். ஊர்க்கணக்கில் அது மேய்க்கால் புறம்போக்கு, அதாவது மாடு மேய விட்ட அரசு நிலம், 2 ஏக்கர் 20 சென்ட். கிழக்கு மேற்காக 120 மீட்டர், தெற்கு வடக்காக 74 மீட்டர். காலையில் மாடுகள் மேயும், மாலையில் நாங்கள் கால்பந்து ஆடுவோம். தை, மாசியில் எருது விடும் விழாவும் சித்திரை, வைகாசியில் பாரதக் கூத்தும் அங்கேதான். பதினெட்டாம் நாள் படுகளத்துக்குத் துரியோதனனை மண்ணால் செய்து படுக்க வைப்பார்கள், தலை முதல் பாதம் வரை ஐம்பது அடிக்கு வரும். கூத்து முடிந்ததும் அந்த மண்ணை அள்ள யாரும் வருவதில்லை. கிழக்குக் கோலின் பெனால்டி எல்லைக்குள் இன்றைக்கும் ஒரு மேடு இருக்கிறது. பந்து அதில் பட்டுத் திசை மாறினால் "துரியோதனன் தொடையில் பட்டது" என்பது எங்கள் ஊர் வழக்கு.

2022 டிசம்பர் 18 அன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைக் கோயில் சுவரில் வேட்டி கட்டிப் போட்டோம். அர்ஜென்டினாவும் பிரான்சும் 3-3 என்று நின்று பெனால்டியில் முடிந்த ஆட்டம். மறுநாள் மாலை திடலுக்கு வந்த பையன்களை எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொரு பேர். அதுவரை டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டைத் தவிர வேறு தெரியாத ஊர் இது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஊரிலும் வெளியூரிலும் கேட்டு 1,40,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். பக்கத்துக் கல்குவாரிக்காரர் 20 லோடு கிரஷர் தூள், அதாவது கல் உடைக்கும்போது விழும் பொடி, இலவசமாகத் தருகிறேன் என்கிறார், வண்டி வாடகை மட்டும் எங்களுடையது. அதைப் பரப்பி உருளை ஓட்டினால் பலகை போல ஆகிவிடும் என்பது ஒரு கட்சி. ஏரி வண்டல் அடித்துப் புல் வைக்கலாம் என்பது இன்னொரு கட்சி. சவுக்குக் கம்பத்தை எடுத்துவிட்டு இரும்புக் கோல் வைத்தால்தான் ஊர் நம்மை மதிக்கும் என்கிறார்கள் பையன்கள். சென்ற டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டி, வேன்களும் கார்களும் அடித்துக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அப்போது எங்கள் திடல் மூன்று வாரம் குளமாகக் கிடந்தது. புயலை விடுங்கள், சாதாரண மழைக்கே நான்கு நாள் ஆட முடிவதில்லை.

மே பிறந்துவிட்டால் பையன்கள் மாங்காய் லோடு ஏற்றப் போய்விடுவார்கள். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். பணத்தை முதலில் எதில் போடுவது?

ஓசூர் செவன்ஸ்
மார்ச் 10

நண்பரே, மண்ணோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டுச் செயற்கைப் புல் போடுங்கள். ஓசூரில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள், இரவு பதினோரு மணிக்கும் கூட்டம். சிறிய ஆடுகளம் ஒன்று போட்டால் போதும், வாடகையிலேயே முதலீடு திரும்பிவிடும்.

மாங்கொட்டை
மார்ச் 10

ஓசூரில் நானும் வாடகை கொடுத்து ஆடியிருக்கிறேன் அண்ணா. எங்கள் பையன்களில் பாதிப்பேர் செருப்பில்லாமல் ஆடுகிறவர்கள். சித்திரை வெயிலில் அந்தப் பச்சைப் பாயில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள். மேலும் அதன்மேல் எருது ஓடாது.

ஓய்வு பெற்ற விசில்
மார்ச் 11

தம்பி, ஒரு லோடும் இறக்காதீர்கள். இலவசம் என்றாலும் வேண்டாம்.

தர்மபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் முப்பத்தொரு வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளியில் உங்களைப் போலவே ஆசைப்பட்டு நானே கிரஷர் தூள் போட்டேன். முதல் மாதம் எல்லோரும் பாராட்டினார்கள். மழையில் நனைந்து, மிதிபட்டு, வெயிலில் காய்ந்ததும் அது சாலைக்குப் போடும் அடித்தளம் போல இறுகிவிட்டது. அதில் சறுக்கி விழுந்த பையனின் முழங்காலில் தோல் இருக்காது, சிராய்ப்புக்குள் கல்பொடி ஏறிவிடும். என் இடது முழங்காலில் நீலமாக ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது, குளிக்கும்போதெல்லாம் பார்க்கிறேன். கோடையில் அந்தத் தூள் பறந்து மூச்சில் போகும். கருங்கல் பொடி நுரையீரலுக்கு ஆகாது என்பதைக் குவாரியில் வேலை செய்த யாரையாவது கேளுங்கள்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். 100 மீட்டருக்கு 64 மீட்டர் ஆடுகளம் என்றால் 6,400 சதுர மீட்டர். மூன்று யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) டிப்பரில் 20 லோடு கொண்டுவந்து சீராகப் பரப்பினால் எவ்வளவு உயரும் தெரியுமா? ஓர் அங்குலம். பள்ளம் பள்ளமாகவே இருக்கும், அதன்மேல் ஓர் அங்குலம் சிமெண்டுக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரு பூச்சு வந்திருக்கும்.

ஏரி வண்டலும் வேண்டாம். அது வயலுக்கு நல்லது, திடலுக்கு எமன். மழையில் குழைந்து காலை இழுக்கும், வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் என்றுதான் வண்டல் எடுக்க அனுமதி கொடுக்கிறார்கள். வேறு வேலைக்கு அள்ளினால் வண்டியோடு பிடிப்பார்கள்.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது வேறு. சாதாரண மழைக்கே நான்கு நாள் தண்ணீர் நிற்கிறது என்கிறீர்கள். மத்தூர், ஊத்தங்கரைப் பக்கம் பெரும்பாலும் செம்மண், கீழே ஓடக்கல். அது தண்ணீரை அப்படிப் பிடித்துவைக்கிற மண் இல்லை. தண்ணீர் போகிற வழியில் ஏதோ அடைத்திருக்கிறது. இந்த வாரம் இரண்டு வேலை செய்யுங்கள், செலவு இருநூறு ரூபாய்க்குள் முடியும்.

கொத்தனார் ஒருவரிடம் தண்ணீர் மட்டக் குழாயை இரவல் வாங்குங்கள். பத்து மீட்டருக்கு ஒரு முளை அடித்து, திடலின் எந்தப் பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நல்ல திடலுக்கு நூற்றுக்கு ஒன்று சரிவு வேண்டும். நடுவில் மேடாக்கி இரண்டு பக்கமும் இறக்குவதென்றால் நடுக்கோடு ஓரத்தைவிட 32 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரைச் சாண் உயர வேண்டும். அதற்கு நூற்றிருபது லோடு மண் கேட்கும். நிலமே ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம், மேட்டைச் சீவிப் பள்ளத்தில் போட்டால் முடிந்தது. வெளி மண் ஒரு கூடைகூட வேண்டாம். வேலைக்கு டிராக்டர் பிளேடு போதும். ஜேசிபி தோண்டத்தான் தெரிந்த மிருகம்.

இரண்டாவது, நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டையும் எல்லை வரைந்த புலப்படத்தையும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் இணையத்திலேயே கிடைக்கும். 2 ஏக்கர் 20 சென்டும் மேய்க்கால்தானா, அல்லது ஏதாவது ஒரு மூலையில் ஓடை, வாரி என்று ஒரு கோடு போகிறதா? ஊரில் ஆடு மேய்த்த பெரியவர் யாராவது இருந்தால் அவரையும் கேளுங்கள். புலப்படத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

வெல்டிங் காவேரி
மார்ச் 12

காவேரிப்பட்டணத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். நான்கு ஊருக்குக் கோல் கம்பம் செய்து கொடுத்திருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

உள் அளவு 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். கம்பத்தின் பருமன் 12 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. நான்கு அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் வெளிவிட்டம் 114 மில்லிமீட்டர், கணக்காகப் பொருந்தும். சிக்கல் எங்கே என்றால், குழாய் 6 மீட்டர் நீளத்தில்தான் வரும். குறுக்குக் கம்பத்துக்கு ஒட்டுப் போட்டே தீர வேண்டும். இரண்டு துண்டைச் சமமாக வெட்டி நடுவில் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரே வருடத்தில் நடு தொங்கிவிடும். முழுக் குழாயை ஒரு பக்கம் வைத்து, மிச்சம் ஒரு மீட்டர் சொச்சத்தை மறுமுனையில் ஒட்டுங்கள். ஒட்டுக்கு உள்ளே ஒரு துண்டுக் குழாய் செருகாமல் பற்றவைக்க விடாதீர்கள்.

நான் இதை எழுதவந்த காரணம் வேறு. பி கிளாஸ் (நடுத்தரத் தடிமன்) குழாயில் குறுக்குக் கம்பம் மட்டும் 90 கிலோவுக்குப் பக்கம் வரும். கோலைத் தரையில் சும்மா நிறுத்திவைத்து, "எருது விடும்போது தூக்கிக்கொள்ளலாம்" என்று யோசிக்காதீர்கள். பிள்ளைகள் அதில் தொங்குவார்கள், எந்த ஊர்ப் பிள்ளையும் தொங்கும். சாய்ந்தால் நெஞ்சில்தான் விழும். இரண்டடி ஆழத்துக்குக் குழி எடுத்து, ஓர் அளவு பெரிய குழாயைக் கான்கிரீட்டில் நட்டு, அதற்குள் கம்பத்தை இறக்கி ஆப்பு அடியுங்கள். விழாவின்போது உருவி எடுத்து, குழியை இரும்பு மூடியால் மூடிவிடலாம். மூடிக்குச் சங்கிலி போடுங்கள், இல்லையென்றால் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

மாங்கொட்டை
மார்ச் 23, ஞாயிறு இரவு

விசில் ஐயா, வெட்கத்தோடு எழுதுகிறேன்.

இன்று காலை கொத்தனாரையும் குழாயையும் கூட்டிக்கொண்டு போனேன். தெற்கு ஓரத்துக்கும் வடக்கு ஓரத்துக்கும் 58 சென்டிமீட்டர் வித்தியாசம். வடக்குதான் தாழ்வு. 74 மீட்டருக்கு 58 என்றால் நீங்கள் சொன்ன சரிவு ஏறக்குறைய தானாகவே இருக்கிறது. பிறகு ஏன் தண்ணீர் நிற்கிறது என்று வடக்கு ஓரத்தில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, ஆடு ஓட்டிவந்த தாத்தா ஒருவர் நின்றார். "இங்கே இருந்த வாரியைத் தேடுகிறாயா?" என்றார். வடமேற்கு மூலையில் கைத்தடியால் தட்டிக் காட்டினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. 2019இல் கார்னர் கிக் அடிக்கிற இடத்தில் பள்ளம் இருக்கிறது என்று நாங்களே ஒரு ஜேசிபி வைத்து அதை மூடினோம். மணிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதுகூட நினைவிருக்கிறது, கணக்கு எழுதியது நான்தான். புலப்படத்தில் அந்த இடத்தில் கோடு போட்டிருக்கிறது, பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்று தனி எண். தெற்கே மாந்தோப்புகளில் இருந்து வருகிற தண்ணீர் எல்லாம் அந்த வாரி வழியாக ஏரிக்குப் போயிருக்கிறது. ஆறு வருடமாக மழையைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஓய்வு பெற்ற விசில்
மார்ச் 24

வெட்கம் இருக்கட்டும், அது நல்லது. ஓடையை மூடியது சட்டப்படி ஆக்கிரமிப்பு என்பதும் தெரிந்திருக்கட்டும். நாளைக்கு யாராவது ஒரு மனு போட்டால் திடலையும் சேர்த்துக் காலி செய்யச் சொல்வார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் நீங்களே போய்ச் சொல்லி, நில அளவர் வந்து எல்லை காட்டியபின் பழைய தடத்திலேயே திறந்துவிடுங்கள். கார்னர் கொடி போகிறதே என்று கவலைப்படாதீர்கள். 100 மீட்டர் ஆடுகளத்தைக் கிழக்கே தள்ளிக்கொள்ள இடம் இருக்கிறது. இரண்டு கோலுக்குப் பின்னாலும் சேர்த்து உங்களுக்கு 20 மீட்டர் மிச்சம்.

உங்கள் திடல் கிழக்கு மேற்காகக் கிடப்பதில் ஒரு தொல்லை உண்டு. மாலை ஐந்தரைக்குக் கிழக்குக் கோல்காரனுக்குச் சூரியன் கண்ணிலேயே நிற்கும். பெரிய ஆடுகளத்தைத் திருப்ப முடியாது. ஆனால் சிறு பிள்ளைகளுக்கு 55க்கு 37 மீட்டரில் இரண்டு சின்ன ஆடுகளங்களைக் குறுக்கே, தெற்கு வடக்காகப் போடலாம். அவர்களுக்கு 3.66க்கு 1.83 மீட்டர் கோல் போதும். பத்து வயதுப் பையனைப் பெரிய கோலில் நிறுத்தி, தலைக்கு மேல் போட்டு ஜெயிப்பது ஒரு விளையாட்டா?

கோடு போடச் சுண்ணாம்புத் தூள் வாங்காதீர்கள், கண்ணில் பட்டால் பொசுக்கிவிடும். தெருவில் விற்றுக்கொண்டு வரும் கோலமாவு போதும். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க மூலைவிட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 100க்கு 64 என்றால் இரண்டும் 118 மீட்டர் 73 சென்டிமீட்டர் வர வேண்டும்.

புல்லைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் காட்டினாலே 32,000 லிட்டர், டிராக்டர் டேங்கரில் ஆறு ஏழு நடை. உங்களால் ஆகாது. வரப்பில் கிடக்கும் அருகம்புல்லைக் கொடியோடு பிடுங்கி, ஆவணி கடைசியில் மழை பிடிக்கும்போது ஒரு சாண் இடைவெளியில் ஊன்றுங்கள். பங்குனியில் காய்ந்து பழுப்பாகும், மழை வந்தால் மறுபடி பிழைக்கும். கோல் முகப்பில் எப்படியும் நிற்காது, விட்டுவிடுங்கள்.

பணத்துக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு ஊர் கட்டினால் மிச்சத்தை அரசு போடும். உங்கள் 1,40,000 அங்கே 4,20,000 ரூபாய் வேலையாக மாறும். ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் ஜனவரியோடு முடிந்துவிட்டது, இப்போது தனி அலுவலர்தான். ஆகவே மே 1 கிராம சபையில் கூட்டமாகப் போய் உட்கார்ந்து தீர்மானம் எழுதவையுங்கள். மேய்க்காலை விளையாட்டுத் திடலாக வகைமாற்றக் கேட்டு ஒன்று, வேலைக்கு ஒன்று. வகைமாற்றம் ஆகும்வரை பெவிலியன், காலரி என்று ஒரு செங்கல்லும் வைக்காதீர்கள்.

பாலக்கோடு அம்மா
மார்ச் 26

எல்லாம் படித்தேன். நாற்பத்தொரு பையன்கள் என்று எண்ணிய தம்பி, பிள்ளைகளில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணவில்லை.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் குடியரசு தினப் போட்டிக்கு ஓடிப் பழகியவள், ஊர்த் திடலுக்கு வரமாட்டேன் என்கிறாள். கேட்டால் "அங்கே எப்போதும் அண்ணன்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்" என்கிறாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, வரவும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் நான்கு அம்மாக்கள் சேர்ந்து போய்ச் சண்டை போட்டு, வாரத்தில் மூன்று நாள் நாலரை முதல் ஆறு வரை பெண் பிள்ளைகளுக்கு என்று நீர்த்தொட்டிச் சுவரில் பெயிண்டால் எழுதவைத்தோம். வாயால் சொன்னபோது ஒரு வாரம்கூட நிற்கவில்லை. எழுதிய பிறகு நிற்கிறது. முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள், இப்போது பத்தொன்பது.

கம்பத்துக்கு முன்னால் கழிப்பறையை யோசியுங்கள். வகைமாற்றம் ஆகாமல் கட்ட முடியாதென்றால் பக்கத்தில் அங்கன்வாடியோ பள்ளியோ இருக்கும், சாவி ஒருவரிடம் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். ஓரத்துச் சீமைக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டால் மட்டும் போதாது, பெருக்கி எரிக்க வேண்டும். பாட்டில் சில்லையும் பொறுக்கிவிடுங்கள்.

மாங்கொட்டை
மே 18, ஞாயிறு இரவு

நடந்ததை எழுதாமல் விட்டால் விசில் ஐயா என்னை விடமாட்டார் என்பதால் எழுதுகிறேன்.

நில அளவர் வந்து முளை அடித்துக் கொடுத்தார். வாரியை 62 மீட்டர் திறந்தோம், ஜேசிபி ஐந்து மணி நேரம். மூடியபோது ஓட்டியவரே இப்போதும் வந்தார். "போட்ட மண்ணை நானே எடுக்கிறேன், நல்ல பிழைப்பு" என்று சிரித்தார். மேட்டைச் சீவி நிரவ டிராக்டர் பிளேடு ஒன்றரை நாள். எருது விடும் விழாவுக்குத் தடுப்புக் கட்டிய சவுக்குக் குழிகள் அப்படியே கிடந்தன. எண்ணிப் பார்த்ததில் ஐம்பத்து மூன்று. போன வருடம் அதில் ஒன்றில்தான் எங்கள் கோல்காரன் கணுக்காலை உடைத்துக்கொண்டான். அவற்றை மூட மண் எங்கே என்று தேடியபோது துரியோதனன் தொடைதான் கண்ணில் பட்டது. வெட்டி நிரப்பி, தண்ணீர் விட்டு, உலக்கையால் இடித்தோம். எல்லாம் சேர்த்து 27,000 ரூபாய்க்குள் முடிந்தது. கிரஷர் தூளை வேண்டாம் என்றதில் குவாரிக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்.

மே 1 கிராம சபையில் இரண்டு தீர்மானமும் எழுதிவிட்டார்கள். வகைமாற்றத்துக்கு எத்தனை நாள் ஆகுமோ. கோல் கம்பத்துக்குக் காவேரிப்பட்டணம் அண்ணனிடம் முன்பணம் கொடுத்தாயிற்று, மூடியும் சங்கிலியும் சேர்த்து. செவ்வாய், வியாழன், சனி நாலரை மணி பெண் பிள்ளைகளுக்கு என்று கோயில் மதிலில் எழுதினோம். முதல் வாரம் இரண்டு பேர்தான் வந்தார்கள் அம்மா. ஒருத்தி என் அக்கா மகள், நான் கெஞ்சிக் கூட்டிவந்தது. பார்ப்போம்.

புதன் இரவு நல்ல மழை. மறுநாள் காலை ஏழு மணிக்குத் தம்பி திடலில் இருந்து வீடியோ அனுப்பினான். தெற்கில் இருந்து தண்ணீர் ஒரு மெல்லிய பாயாக நகர்ந்து வந்து வாரியில் விழுகிற சத்தம் கேட்கிறது. பதினொரு மணிக்கு மறுபடி அனுப்பினான், மாடு நடந்தால் குளம்பு பதியும் அளவுக்குத்தான் ஈரம்.

கூத்து வைகாசி கடைசியில். இத்தனை வருடமாகத் துரியோதனன் கிழக்கு மேற்காகக் கிடந்து தண்ணீரையும் மறித்துக்கொண்டிருந்தான் என்பதைக் கூத்து வாத்தியாரிடம் போய்ச் சொன்னோம். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தோம். அவர் திடலைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, கிழக்குக் கோலுக்குப் பின்னால் தெற்கு வடக்காகப் படுக்க வைக்கிறேன் என்றார். ஒரு நிபந்தனை: கையை விரித்துத்தான் செய்வார், இடது கை மட்டும் கோட்டைத் தாண்டி இரண்டடி உள்ளே வரும். வரட்டும் என்று சொல்லிவிட்டோம்.